முடிச்சு நனையாத வெள்ளம்

சிங்கப்பூர்
11.2.1998

அன்புள்ள அக்கா அருள்மேரிக்கு,

தம்பி ஜெரால்ட் எழுதுவது. கிறிஸ்துமசுக்குப் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் காணோம். தபால்காரர் ஓடத்தில் ஏறப் பயந்துகொண்டு நடு ஆற்றில் இருக்கிற நம் திட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் தென்கரை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவது எனக்குத் தெரியாததா. அங்கே என் கடிதத்தில் பஜ்ஜி மடித்துக் கொடுத்துவிட்டார்களோ என்னவோ. இல்லை, நீதான் கோபத்தில் எழுதாமல் இருக்கிறாயோ.

"சிங்கப்பூர்ல அவன் என்னதான் வேலை பாக்கறான்?" என்று அப்பா கேட்பதாகப் போன வருஷம் எழுதியிருந்தாய். கடலை மூடுகிற வேலை என்று சொல். இந்த ஊரே ஒரு தீவு. இடம் போதவில்லை என்று பக்கத்தில் இன்னொரு தீவைச் செய்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து தட்டைக் கப்பல்களில் மணல் வருகிறது. அதைக் குழாய் வழியாகக் கடலுக்குள் பீய்ச்சுகிறோம். போன வாரம் மீன் துள்ளிய இடத்தில் இன்று உட்கார்ந்து சோறு தின்றேன். அப்பா இதை நம்பமாட்டார். நம் ஊரில் கொள்ளிடம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் யாராவது ஒருவருடைய வாழைக்கொல்லையைக் கடித்துக்கொண்டு போகும். இங்கே மனுஷன் கடலைக் கடிக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் மனை வாங்கியாகிவிட்டது. வீடு கட்டப்போகிறேன். நீயும் அப்பாவும் திட்டை விட்டு அங்கே வந்துவிட வேண்டும். இதை நான் வருஷா வருஷம் எழுதுகிறேன், நீயும் வருஷா வருஷம் வேறு எதையாவது எழுதி மழுப்புகிறாய். இந்தத் தடவை நேராகப் பதில் சொல். வருகிற ஐப்பசி வெள்ளத்துக்கு முன்னால் அப்பா கரையில் இருக்க வேண்டும். அவருக்கு எழுபது வயது ஆகிறது அக்கா.

அன்புத் தம்பி
ஜெரால்ட்


சேசு மரி சூசை துணை

சந்தியாகு திட்டு
6.3.1998

அன்புள்ள தம்பி ஜெரால்டுக்கு,

உன் கடிதத்தில் யாரும் பஜ்ஜி மடிக்கவில்லை. எனக்குத்தான் கை ஒழியவில்லை. கத்தரிக்காய் பறித்து மூட்டை கட்டி ஓடத்தில் ஏற்றினால், ரெஜின் நடு ஆற்றில் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு பீடி பற்றவைக்கிறான். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் காய் வாடிப்போகிறது. அவனைத் திட்டவும் முடியாது. திட்டில் இருப்பது அந்த ஓர் ஓடம்தான்.

நேராகப் பதில் கேட்டாய். அப்பாவுக்கு உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். "கட்டட்டும், சந்தோஷம். போயி ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம்" என்றார். ஒரேயடியாக வரச் சொல்கிறான் அப்பா என்றேன். "நான் போயிட்டா முளையை யாரு பாக்கறது?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

சிங்கப்பூர்க்காரருக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்த சேதி வந்ததும் தென்துறையில் பூவரசங்கம்பு ஒன்றை நடுவார்கள். அதுதான் முளை. அதன் உச்சியில் வெள்ளைத் துணி முடிச்சு ஒன்று இருக்கும். முடிச்சு நனைகிறவரை ஒரு குடும்பமும் திட்டை விட்டு இறங்கக் கூடாது. இருப்பது ஓர் ஓடம். பயந்தவன் முதலில் ஏறினால் மற்றவன் கதி என்னாவது? முடிச்சு நனைந்தால் பிள்ளைத்தாய்ச்சி முதலில், அப்புறம் குழந்தைகள், கிழங்கள், ஆடு மாடு என்று வரிசை. அந்த முளையைப் பார்த்து இருக்கலாமா போகலாமா என்று சொல்கிறவர் நம் அப்பா சிங்கராயர். அவருக்கு முன்னால் தாத்தா. ஒரு தடவைகூட அவர் வாக்குப் பொய்த்ததில்லை.

எனக்கு மட்டும் இங்கே இருக்க ஆசை என்று நினைக்காதே. பூண்டிப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்த மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையோடு ஓடத்தில் வழுக்கி விழுந்து எழுந்தது நினைவிருக்கிறதா? வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்த நேரம் முழுக்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை, திரும்பிப் போகிற வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாலம் இருந்திருந்தால் இன்று நான் பேரன் பேத்தி எடுத்திருப்பேன். பாலத்துக்கு எங்கே போவது? ஆறு தடம் மாறினதிலிருந்து வடகரைத் தாலுகா ஆபீஸ் திட்டு தங்களுடையது என்கிறது, தென்கரை ஆபீஸும் தங்களுடையது என்கிறது. கிஸ்தி வாங்க இரண்டு பேரும் வருவார்கள். பாலம் என்று கேட்டால் அவன் இவனைக் காட்டுவான், இவன் அவனைக் காட்டுவான்.

இன்னொன்று. வடகரையிலிருந்து பஞ்சநதம் என்று ஓர் ஆள் வந்து வடக்குத் துறை மணலை அள்ளி அள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறான். மணல் குவாரி ஏஜெண்டாம். நீ சின்னப் பிள்ளையில் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு ராஜா வேஷம் போடுவாயே, அந்தக் காக்காப்பொன் மினுங்குகிற மணல்தான். வடக்கே ஆறு காய்ந்ததும் லாரி வந்து இறங்க உன் பங்கு நிலம் வழியாகத்தான் தடம் போட முடியுமாம். உனக்குப் போன் பண்ணினால் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லிவிடு.

அக்கா
அருள்மேரி


சிங்கப்பூர்
29.3.1998

அன்புள்ள அக்காவுக்கு,

பஞ்சநதம் போன் பண்ணினார். சரி என்று சொல்லிவிட்டேன். நீ குதிப்பாய், தெரியும். முழுதும் படித்துவிட்டுக் குதி.

வடக்கு ஓரம் என் பங்கு. நான் அங்கே உழப்போவதில்லை. என் பங்கு வழியாக லாரி போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர் அதற்குப் பதிலாக வீட்டுக்கு வேண்டிய மணல் முழுவதையும் இறக்கித் தருகிறார், மேஸ்திரியையும் பேசிவிட்டார். இரண்டு வருஷத்தில் முடிகிற வீடு ஆறு மாதத்தில் முடியும். உங்களை அங்கிருந்து கிளப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ முளையைப் பற்றிப் பாடம் எடுத்தாய். நான் எதை மறந்தேன்? அம்மாவைப் பாம்பு கடித்த அன்று முளையில் முடிச்சு காய்ந்துதான் கிடந்தது. ஓடம் அக்கரையில் இருந்தது. நான் தென்துறையில் நின்று "ஓடம், ஓய்" என்று கத்தினேன். மழையில் எவனுக்கும் கேட்கவில்லை. அப்பா அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். ஓடம் வந்தபோது அம்மாவுக்கு வாயில் நுரை வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் திட்டு என்றாலே அந்தக் கத்தல்தான் காதில் கேட்கிறது. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் மனுஷன் குடியிருப்பது வீம்பு அக்கா. மண்ணு என்ன பெரிய மண்ணு! இங்கே வந்து பார், மணலைக் கொட்டினால் நாலு மாதத்தில் ஒரு ஊருக்கு இடம் ஆகிறது. அதற்குப் போய் உயிரை விடுவார்களா?

அப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். வீடு தெற்குப் பார்த்த வாசல். அவர் காற்று வாங்க முன்னால் வராந்தா வைத்திருக்கிறேன்.

ஜெரால்ட்


சேசு மரி சூசை துணை

சந்தியாகு திட்டு
20.5.1998

ஜெரால்டுக்கு,

குதிக்கத்தான் போகிறேன். கேட்டுக்கொள்.

சித்திரை பிறந்ததிலிருந்து லாரி. வடக்குப் பக்கம் ஆறு காய்ந்து கிடக்கிறது, அதில் பொக்லைனை இறக்கிவிட்டான் உன் பஞ்சநதம். ஓர் ஆள் ஆழம் தோண்டுவான் என்று நினைத்தோம். இப்போது பொக்லைன் உள்ளே நின்றால் அதன் கை நுனிகூட மேலே தெரியவில்லை. நம் அடிபம்பில் தண்ணீர் இறங்கிவிட்டது. கல்லறைத் தோட்டத்து வேலியிலிருந்து கல் விட்டெறிந்தால் குழியில் விழும். அம்மா கல்லறைச் சிலுவை லாரி போகிறபோதெல்லாம் அதிர்கிறது. போய்க் கையால் பிடித்துப் பார்த்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. தென்கரை ஆபீசுக்குப் போனேன். "அம்மா, நீங்க சொல்ற எடம் எங்க எல்லையில இல்ல. வடகரையில கேளுங்க" என்றார்கள். வடகரைக்குப் போனேன். "குழிக்குத்தான் நாங்க அனுமதி குடுத்திருக்கோம். திட்டு தென்கரைக் கணக்குல இருக்கு. திட்டுக்கு ஆபத்துன்னா அவங்கதான் எழுதணும்" என்றார்கள். குழி அவர்களுடையதாம், குழி ஓரத்தில் இருக்கிற நாங்கள் அவர்களுடைய ஆட்கள் இல்லையாம். வெயிலில் இரண்டு கரைக்கும் நடந்து செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

ஊர்க்காரர்கள் என் எதிரில் பேசுவதில்லை. நான் தாண்டிப் போனதும், "தம்பிகாரன் அங்க தீவு கட்டறான், இங்க தீவை விக்கிறான்" என்கிறார்கள். காதில் விழட்டும் என்றுதான் சொல்கிறார்கள். அப்பா உன் பெயரை எடுப்பதே இல்லை. லாரிச் சத்தம் கேட்டால் ரேடியோவைத் திருகுகிறார்.

அம்மாவைச் சாக்காக வைத்து எழுதியிருந்தாய். அம்மா செத்தது இன்னோர் ஓடம் இல்லாததால். திட்டு கொல்லவில்லை. திட்டுக்கு இன்னோர் ஓடம் வாங்கிக் கொடுக்க உனக்குத் தோன்றவில்லை பார். வீடுதான் தோன்றியது. இனி எனக்குக் கடிதம் போடாதே.

அருள்மேரி


சிங்கப்பூர்
17.8.1998

அன்புள்ள அக்காவுக்கு,

போடாதே என்றாய், நானும் இரண்டு மாதம் போடாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது. அதைச் சொல்ல எழுதவில்லை. இங்கே மணல் கப்பல் கொஞ்ச நாளாக வரவில்லை. மணல் அனுப்புகிற நாட்டில் மணல் அள்ளி அள்ளி ஒரு சின்னத் தீவு அடியோடு கரைந்துகொண்டிருக்கிறதாம். தீவு போனால் அதைச் சுற்றி அவர்களுக்கு இருக்கிற கடல் எல்லையும் போய்விடுமாம். அதனால் தகராறு என்று கேம்ப்பில் பேசிக்கொள்கிறார்கள். நிஜமோ பொய்யோ. "அந்தத் தீவுல ஆளுங்க இருந்தாங்களா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எல்லையைப் பற்றித்தான் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே போன் பூத்துக்கு ஓடினேன். பஞ்சநதத்துக்குப் போன் பண்ணினேன். நிறுத்துங்கள், இனி என் பங்கு வழியாகப் போக வேண்டாம் என்றேன். சிரிக்கிறார். "தம்பி, இப்ப ஆத்துக்குள்ளயே தடம் போட்டாச்சு. உங்க பங்கு எதுக்கு?" என்கிறார். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஐப்பசிக்கு முன்னால் அப்பாவைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. வீடு முடியாவிட்டாலும் ஒரு ரூம் இருக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஜெரால்ட்


சேசு மரி சூசை துணை

சந்தியாகு திட்டு
24.10.1998

அன்புள்ள தம்பிக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நல்ல சேதியை எத்தனை நாள் மூடி வைப்பது?

மேட்டூர் நிரம்பிவிட்டது. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னான். அப்பா முளை நட்டார். ரேடியோவில் சொன்ன அளவுக்கு இரண்டே நாளில் முடிச்சு நனைந்திருக்க வேண்டும். நீயும்தான் பார்த்திருக்கிறாயே. இந்தத் தடவை தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, முளையில் பாதிகூட ஏறவில்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். "அந்தக் குழியில ஆறு எறங்கிப் போவுது போலருக்கு. பய நமக்கு நல்லதுதான் பண்ணிருக்கான்" என்றார் நேற்று. ஆறு மாதத்துக்கு அப்புறம் உன்னைப் பற்றி அவர் வாயில் வந்த முதல் பேச்சு. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தென்கரையில் எல்லாரும் இந்த வருஷம் பெரிய வெள்ளம் என்று மூட்டை கட்டுகிறார்கள். நம் திட்டிலும் சிலர் கிளம்பலாமா என்று வந்து கேட்டார்கள். "முடிச்சைப் பாருங்கடா. காஞ்சு கிடக்கு. போயி வேலையைப் பாருங்க" என்று அப்பா சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

இன்னும் கேள். அப்பா வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார்! நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு அம்மா கல்லறைக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மறுநாள் கும்பகோணம் கிளம்பலாம் என்கிறார். "பிடிச்சிருந்தா மழை விடற வரைக்கும் இருப்போம்" என்றும் சொன்னார். பிடிக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கிறிஸ்துமசுக்கு வந்துவிடு. உன்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நேரில் வா, திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

அக்கா
அருள்மேரி


சிங்கப்பூர்
4.11.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் இரண்டாம் தடவை படித்தேன். முளையை நம்பாதீர்கள்.

இங்கே போன மாதம் கரை ஓரம் தோண்டும்போது ஒருவன் அப்படியே உள்ளே போனான். தண்ணீர் கீழேதான் இருந்தது, கரையும் காய்ந்துதான் இருந்தது. நல்ல வேளை, கயிறு போட்டு எடுத்துவிட்டோம். எங்கள் சூப்பர்வைசர் சொன்னார், பள்ளம் தோண்டினால் பக்கத்தில் தண்ணீர் மட்டம் இறங்கித்தான் தெரியும், அதைப் பார்த்துத் தைரியமாக நிற்பவன் முட்டாள் என்று. தண்ணீர் மேலே ஏறாது. அடியில் மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே எல்லாம் சரியாக இருக்கும், திடீரென்று மொத்தமும் சரியும். தென்துறை முளையில் தண்ணீர் ஏறாதது ஆறு அடங்கியதால் இல்லை அக்கா. வடக்கே குழிக்குள் இறங்கித் திட்டின் அடிவயிற்றைத் தின்றுகொண்டிருக்கிறது.

டீக்கடைக்குப் பக்கத்து போன் பூத்துக்கு விடாமல் அடிக்கிறேன். லைன் போகவில்லை. நீங்கள் கும்பகோணம் வந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வந்துவிட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, பயந்தாங்கொள்ளி என்று அப்பாவிடம் சொல்லிச் சிரி. வராமல் இருந்தால் முடிச்சைப் பார்க்காதே. உடனே கிளம்பு.

ஜெரால்ட்


தென்கரை பள்ளிக்கூடம்
20.11.1998

ஜெரால்டுக்கு,

நீ கேட்டபடி அப்பா கரைக்கு வந்துவிட்டார். நாலாம் தேதி காலையில் வந்தார். மூங்கில் புதரில் சிக்கிக் கிடந்தவரைத் தூண்டில்காரர்கள் பார்த்து இழுத்துப் போட்டார்கள்.

தந்தி கொடுக்க உன் விலாசம் என்னிடம் இல்லை. விலாசம் எழுதிய கடிதமெல்லாம் பெட்டியோடு போய்விட்டது. உன்னுடைய கடைசிக் கடிதத்தை டீக்கடைக்காரர் நேற்றுத்தான் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். அதன் பின்பக்கத்திலிருந்துதான் விலாசத்தை எடுத்து எழுதுகிறேன். முளையை நம்பாதே என்று எழுதியிருக்கிறாய். நீ அதை எழுதின அன்றுதான் அப்பாவைப் புதைத்தோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

கல்லறைத் திருநாளன்று பூசை வைக்கத் தென்கரையிலிருந்து வர வேண்டிய சாமியாரால் ஆற்றைத் தாண்ட முடியவில்லை. மத்தியானம் நாங்களே செபமாலை சொல்லிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். திட்டு மொத்தமும் அங்கேதான் நின்றது. அப்பா அம்மா கல்லறையில் மாலை போட்டுவிட்டு மெழுகுவத்தி ஏற்றினார். காற்றே இல்லை. ஆனாலும் மெழுகுவத்தி சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார், மறுபடியும் சாய்ந்தது. அப்போதுதான் மண்ணைப் பார்த்தோம். கல்லறைகளுக்கு நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை நுழைகிற அளவாயிற்று. அம்மா சிலுவை அந்தப் பக்கம் போய்விட்டது. வேலி, புளியமரம், பத்துப் பதினைந்து கல்லறைகள் எல்லாம் சத்தமில்லாமல் குழிக்குள் இறங்கின. அப்புறம்தான் சத்தம் வந்தது.

எல்லாரும் தென்துறைக்கு ஓடினோம். அங்கே முளை நிற்கிறது. முடிச்சு காய்ந்து கிடக்கிறது ஜெரால்ட்! அப்பா அதன் முன்னால் போய் நின்றார். அவர் முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கோவணத்தோடு சந்தையில் நிற்கிறவர்போல நின்றார்.

அக்கரைக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். பூத்திலிருந்து தென்கரை ஆபீசுக்குப் போன் பண்ணினார்களாம். "வெள்ளத்துல ஆளுங்களை மீட்க வேண்டிய ஊர் லிஸ்டுல அந்தத் திட்டு வடகரைக்குப் போயிருக்கு. அவங்க படகு அனுப்பிருப்பாங்க" என்று பதில் வந்ததாம். வடகரையில் கேட்டால், திட்டு ஆட்கள் தென்கரை வோட்டர்கள், அங்கேயிருந்துதான் படகு வரும் என்றார்களாம். இரண்டு பேரும் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்களாம். அதற்கப்புறம் லைன் செத்துவிட்டது. எங்களுக்கு ரெஜினுடைய ஓடம்தான். எத்தனை நடை போனான் என்று அவனுக்கே தெரியாது. கை இரண்டும் தோல் உரிந்து ரத்தம். அவனைப் பீடிக்காரன் என்று இனி நான் சொல்லமாட்டேன்.

கடைசிக்கு முந்தின நடையில் இடம் இருந்தது. அப்பாவை இழுத்தேன். "விடும்மா. முடிச்சு நனையலன்னு நான்தானே எல்லாரையும் இருக்கச் சொன்னேன்? கடைசி ஆளு நானாத்தான் இருக்கணும்" என்று என்னைத் தூக்கி ஓடத்தில் போட்டார். எழுபது வயதில் எங்கிருந்துதான் அந்த பலம் வந்ததோ. கன்னுக்குட்டி ஒன்றையும் என் மடியில் போட்டார். ஓடம் பாதி ஆறு வந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். துறையே இல்லை. அப்பாவும் இல்லை, முளையும் இல்லை.

பிணத்தை வைத்துக்கொண்டு இரண்டு கரைப் போலீசும் எங்கே செத்தார், யார் கேஸ் எழுதுவது என்று நாள் முழுக்கப் பேசினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் போட்ட கூச்சலில்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா பக்கத்தில் வைக்க அம்மா இல்லை. தென்கரைப் பங்குக் கோயில் கல்லறையில் ஓர் ஓரம் கொடுத்தார்கள். சுற்றி யாரையும் அவருக்குத் தெரியாது.

உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கும் என்றும் தோன்றவில்லை.

அருள்மேரி


சிங்கப்பூர்
10.12.1998

அக்கா,

என்ன எழுதுவது? எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். லீவு கேட்டிருக்கிறேன், பொங்கலுக்கு முன்னால் கிடைத்துவிடும். அப்பா கல்லறையில் விழுந்து கிடக்க வேண்டும்போல் இருக்கிறது. நீ என்னை அடி, செருப்பால் அடி, வாங்கிக்கொள்கிறேன்.

மணல் கப்பல் மறுபடியும் வந்து இங்கே தீவு வேலை முடிந்துவிட்டது. மேலே புல் பதித்தார்கள். யாரோ பெரிய மனுஷர் வந்து மரக்கன்று நட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் சாக்கு விரித்துக் கிடக்காதே. கும்பகோணத்து வீட்டுக்குப் போய் இரு. அது உனக்கும் அப்பாவுக்கும் என்று கட்டியது. அவர்தான் இல்லை. நீயாவது பத்திரமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் நான் தூங்குவேன்.

ஜெரால்ட்


தென்கரை
30.12.1998

தம்பி ஜெரால்டுக்கு,

நீ கேட்டாய் என்று போனேன். பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் நல்ல மனுஷி. சாவி அவரிடம் இருந்தது. "உங்க தம்பி எவ்ளோ ஆசையா கட்டிருக்கார் பாருங்க" என்று ஒவ்வொரு ரூமாகத் திறந்து காட்டினார். வராந்தா நன்றாக இருக்கிறது. தெற்குக் காற்று வருகிறது. அப்பாவுக்குப் பிடித்திருக்கும். அதை உன்னிடம் மறைக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் லைட்டைப் போட்டேன். உள்சுவருக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. சிமெண்டுப் பூச்சு முழுக்க மினுங்குகிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். காக்காப்பொன். நடுநடுவே சின்னச் சின்ன நத்தை ஓடு. நம் வடக்குத் துறை மணல். கல்லறைத் தோட்டத்து வேலி வரைக்கும் வெட்டிய மணல். கையை வைத்தேன், உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கே என்னால் படுக்க முடியவில்லை. கமலாம்பாள் வீட்டில் படுத்துவிட்டு விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

தண்ணீர் வடிந்துவிட்டது. திட்டில் கோயில் மேடு மட்டும் மிச்சம் இருக்கிறது. சுற்றிலும் பெரிய மணல் மேடாக ஆறு கொண்டுவந்து தள்ளியிருக்கிறது. வேடிக்கையைக் கேள். போன வாரம் வடகரையிலிருந்து சங்கிலி எடுத்துக்கொண்டு அளக்க வந்தார்கள். மறுநாள் தென்கரையிலிருந்தும் வந்தார்கள். திட்டு எங்களுடையதுதான் என்று அடித்துச் சொல்கிறார்கள், இரண்டு பேரும். ஆள் இருக்கும்போது யாருக்கும் வேண்டாத இடம். பஞ்சநதம் இரண்டு ஆபீஸ் வாசலிலும் உட்கார்ந்திருக்கிறான்.

நாங்கள் நாலு குடும்பம் திரும்பிப் போகிறோம். கோயில் மேட்டில் கீற்று போட்டாயிற்று. ரெஜின் குடும்பமும் வருகிறது. ஆள் குடியிருந்தால் பொக்லைன் இறங்கக் கொஞ்சம் யோசிப்பான். யோசிக்காமல் இறங்கினாலும் இறங்குவான். இந்தத் தடவை இரண்டு முளை நடுவோம், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. அதைப் பார்க்கிற வேலையை ஊர்க்காரர்கள் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் எதிரிலேயே பேசி முடிவு பண்ணினார்கள்.

நீ வா. வராதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. அப்பா கல்லறைக்குப் போ. ஆனால் என்னைத் திட்டிலிருந்து கூப்பிடாதே, நான் வரமாட்டேன். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் தென்கரையில் நின்று ஓடத்தைக் கூப்பிடு. மழை இல்லை, இப்போது காது கேட்கும்.

வீட்டுச் சாவி கமலாம்பாளிடம். உள்ளே போய் லைட்டைப் போட்டால் சுவர் மினுங்கும். பயப்படாதே, அது நம்ம ஊர்தான்.

அக்கா
அருள்மேரி